ஸ்க்ரூ கம்பெனியிலிருந்து காமன்ஸ் சபைக்கு: ஜோசப் சேம்பர்லின் ஏறிய படிகள்

பெரிய தொழிலதிபர் ஒருவர் அரசியலுக்கு வருகிறார் என்றால் நம் ஊரில் அடுத்த கேள்வி 'எந்தத் தொகுதி?' என்பதுதான். தேர்தல் தொல்லை வேண்டாம் என்பவருக்கு ராஜ்யசபா இருக்கிறது. நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி, மாநகராட்சித் தேர்தலில் ஒரு வார்டுக்கு நின்று, சாக்கடை அடைப்பையும் தெருவிளக்கையும் பற்றி மாதக்கணக்கில் கமிட்டியில் உட்கார்ந்து பேசுவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர்களும் செய்வதில்லை.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஸ்க்ரூ கம்பெனிப் பங்காளி ஒருவர் அதைத்தான் செய்தார். ஜோசப் சேம்பர்லின் 1869இல் பர்மிங்காம் நகராட்சியில் கவுன்சிலர். 1873இல் மேயர். 1876இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை உறுப்பினர். 1880இல் லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டன் அமைச்சரவையில் அமைச்சர். வார்டிலிருந்து காபினெட்டுக்குப் பதினோரு ஆண்டு. சேம்பர்லின் என்றதும் குடையைப் பிடித்துக்கொண்டு ஹிட்லரோடு பேச மியூனிக் போன நெவில் சேம்பர்லின் பலருக்கு நினைவுக்கு வரலாம். இவர் அவருடைய அப்பா. மகன் பிரதமரானார், அப்பா ஆகவில்லை. ஆனாலும் பிரிட்டனின் இரண்டு பெரிய கட்சிகளும் ஆளுக்கொரு முறை உடையக் காரணமாக இருந்தவர் அப்பாதான்.

இந்த ஏணியைப் புரிந்துகொள்ள முதலில் அந்த ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டும். அதுவரை இங்கிலாந்தில் மரவேலைக்கு விற்ற ஸ்க்ரூக்களின் நுனி மழுங்கலாகத்தான் இருந்தது. தச்சர் முதலில் துளை போட வேண்டும். பிறகுதான் ஸ்க்ரூவை அதில் நிறுத்தித் திருக முடியும். நுனி கூராக, தானே மரத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூவைச் செய்யும் எந்திரம் அமெரிக்காவில் வந்தது. அதன் பிரிட்டிஷ் உரிமையை வாங்கியவர் பர்மிங்காமில் தொழில் நடத்திய ஜான் சட்டன் நெட்டில்ஃபோல்டு. அதற்கு 30,000 பவுண்டு தேவைப்பட்டது. லண்டனில் செருப்பு வியாபாரம் செய்துகொண்டிருந்த மைத்துனர் சேம்பர்லின் 10,000 பவுண்டு போட்டார். பணத்தைப் போட்டவர், பணத்தைப் பார்த்துக்கொள்ள மகனையும் அனுப்பிவைத்தார். 1854இல் பர்மிங்காம் வந்து இறங்கியபோது ஜோசப்புக்குப் பதினெட்டு வயது. பட்டம் கிடையாது. அந்தக் குடும்பம் யூனிடேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. அரசு அங்கீகாரம் பெற்ற ஆங்கிலிகன் சபைக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அப்போது பட்டம் கொடுக்க மாட்டார்கள்.

கம்பெனியில் எந்திரங்கள் ஒரு நெட்டில்ஃபோல்டு பிள்ளையின் பொறுப்பு. கணக்கும் விற்பனையும் சேம்பர்லின் பொறுப்பு. இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தில் தயாராகும் உலோக ஸ்க்ரூக்களில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள் பட்டறையிலிருந்து வந்தது. சின்னப் பட்டறைக்காரர்கள் என்ன ஆனார்கள்? சிலரைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சிலர் விலைக்குறைப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் கடையை மூடினார்கள். அரசியலில் வளர்ந்த பிறகு எதிரிகள் இதைத் தோண்டி எடுத்து அவர் மேல் வீசினார்கள். அது நியாயமான போட்டியா இல்லையா என்ற விவாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதிலிருந்த பழக்கம். எதிரில் நிற்பவரோடு சண்டை வேண்டாம், விலை பேசி வாங்கிவிடு. வாங்கியதைப் பெரிய அளவில், ஒரே கையில் நடத்து. லாபம் தானாக வரும். இந்தப் பழக்கம் அவரைப் பட்டறையிலிருந்து நகராட்சிக்கு ஏற்றிவிட்டது. நகராட்சியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் ஏற்றிவிட்டது. கடைசியில் அவரை மாட்டிவிட்டதும் அதுதான்.

அன்றைய பர்மிங்காம் நகராட்சி எப்படி இருந்தது என்று சொன்னால் நமக்குப் புதிதாக இருக்காது. 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு, 1838இல் அமைந்த நகராட்சி அது. 1850களில் அதை ஆட்டிவைத்தவர்கள் 'சிக்கனக்காரர்கள்' என்று பெயர் எடுத்த கோஷ்டி. சின்னக் கடைக்காரர்கள், சாராயக்கடை நடத்துபவர்கள். ஜோசப் ஆல்டே என்பவர் தலைவர். 'உட்மன்' என்ற மதுக்கடையில் கூடி, நகராட்சியில் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அவர்களுடைய ஒரே கொள்கை சொத்துவரி ஏறக் கூடாது. அதில் அவர்கள் பக்கம் ஒரு நியாயமும் உண்டு: சின்னக் கடைக்காரருக்கு வரி உயர்வு நேரடி அடி, பெரிய முதலாளிக்கு அது ஒரு கீறல். ஆனால் விளைவு? 1871இல் மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டிய ஊரில் பாதிப் பேர் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருந்தார்கள். கிணறுகளில் கழிவுநீர் கசிந்தது. குழாய்த் தண்ணீர் ஒரு தனியார் கம்பெனி கையில். அதுவும் வாரத்துக்கு மூன்று நாள்.

இந்தச் சபைக்கு ஊரின் பெரிய தொழிற்குடும்பங்கள் வந்து சேரக் காரணம் கோயில் மேடை என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும். ஜார்ஜ் டாசன், ஆர். டபிள்யூ. டேல் போன்ற மதபோதகர்கள், ஊருக்குத் தண்ணீரும் நூலகமும் கொடுப்பது இறைப்பணிக்குக் குறைந்ததல்ல என்று வாராவாரம் பேசினார்கள். பணமும் நேரமும் இருப்பவன் நகராட்சியில் போய் உட்காருவதே அவன் கடமை என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் ஆங்கிலிகன் சபைக்கு வெளியே இருந்த தொழிலதிபர்கள். நாட்டின் மேல்தட்டுக் கதவுகள் பல அவர்களுக்கு மூடியிருந்தன. நகராட்சியின் கதவு திறந்திருந்தது. கொள்கையும் வசதியும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன.

1869 நவம்பரில் செயின்ட் பால் வார்டில் சேம்பர்லின் கவுன்சிலரானார். அதே ஆண்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி கேட்டு பர்மிங்காமில் தொடங்கிய தேசியக் கல்வி லீகின் செயற்குழுத் தலைவரும் அவர்தான். கல்விக் கோரிக்கை மூலம் நாடு முழுக்கப் பெயர், நகராட்சி மூலம் ஊரில் பிடி. இரண்டையும் ஒரே சமயத்தில் வளர்த்தார்.

இங்கே அவருடைய லிபரல் கட்சி வாங்கிய ஒரு அடியைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ஒரு வெற்றி. 1867 சீர்திருத்தச் சட்டம் பர்மிங்காமுக்கு மூன்று எம்.பி. இடம் கொடுத்தது, ஆனால் ஒரு வாக்காளருக்கு இரண்டு ஓட்டுதான். சிறுபான்மைக் கட்சிக்கும் ஓர் இடம் கிடைக்கட்டும் என்பது ஏற்பாடு. லிபரல்கள் இதை மடக்கிய விதம் அழகு. மூன்று வேட்பாளர்களையும் நிறுத்தினார்கள். இந்த வார்டுக்காரர்கள் முதல் இரண்டு பேருக்குப் போடுங்கள்; அந்த வார்டுக்காரர்கள் இரண்டாவது, மூன்றாவது ஆளுக்கு; அடுத்த வார்டு முதல், மூன்றாவது ஆளுக்கு. வீடு வீடாகச் சொல்லிவைத்தார்கள். 'சொன்னபடி ஓட்டுப் போடு' என்று எதிர்க்கட்சி கேலி செய்தது. 1868 தேர்தலில் மூன்று லிபரல்களும் சுமார் 15,000 ஓட்டு வீதம் வாங்கி ஜெயித்தார்கள். கன்சர்வேட்டிவ்களில் யாரும் 9,000ஐத் தொடவில்லை. கள்ள ஓட்டு இல்லை, காசு இல்லை, வெறும் கணக்கு.

அந்த மிதப்பில், ஊர்ப் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளி வாரியத்துக்கான 1870 தேர்தலுக்கு வந்தார்கள். பதினைந்து இடம். ஒருவருக்குப் பதினைந்து ஓட்டு. விரும்பினால் பதினைந்தையும் ஒரே ஆளுக்குக் குத்தலாம். லிபரல்கள் பதினைந்து இடத்துக்கும் ஆள் நிறுத்தினார்கள். எதிரணி குறைவாக நிறுத்தி ஓட்டைக் குவித்தது. லிபரல்களுக்கு ஆறு இடம் மட்டும். கல்வி லீகின் தலைமையகமான ஊரில் பள்ளி வாரியம் கைவிட்டுப்போனது. 1873 தேர்தலுக்குள் பாடம் கற்று, ஜெயிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் ஆள் நிறுத்தி வாரியத்தைப் பிடித்தார்கள். சேம்பர்லின் அதன் தலைவரானார். இந்தக் கட்சி எந்திரத்துக்கு அப்போது பிரான்சிஸ் ஷ்னாட்ஹார்ஸ்ட் என்பவர் செயலாளர். வார்டுக்கு ஒரு கமிட்டி, கமிட்டிகளுக்கு மேலே ஒரு கமிட்டி. நம் ஊர் வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர் ஏற்பாட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அன்றைய பிரிட்டனுக்கு இது புதுசு, கொஞ்சம் பயமும்கூட.

1873 நவம்பரில் மேயரானதும் பழைய கம்பெனிப் பழக்கத்தை நகராட்சியில் எடுத்துவிட்டார். ஊரில் இரண்டு கேஸ் கம்பெனிகள். ஒரே தெருவை இரண்டு பேரும் தோண்டுவார்கள். இரண்டையும் நகராட்சியே வாங்கட்டும் என்றார். விலை ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு. வரி ஏற்றவே பயந்த சபையிடம் இவ்வளவு பெரிய கடனை வாங்கச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். அவர் பேசியது துணிச்சலைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி: நகராட்சிக்கு வட்டி குறைவு, கடன் நீண்ட காலம், போட்டி இல்லை, இரட்டைச் செலவு மிச்சம். முதல் ஆண்டே 34,000 பவுண்டு லாபம் வந்தது. வரியை ஏற்றாமல் ஊரைச் சீர்படுத்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற பழைய கேள்விக்கு அதுதான் பதில். சிக்கனக்காரர்களின் வாய் அடைபட்டது.

தண்ணீரில் அவர் வேறு கணக்குப் போட்டார். குடிநீர்க் கம்பெனியை 13,50,000 பவுண்டுக்கு வாங்கச் சட்டம் கேட்டு நாடாளுமன்றக் குழு முன் நின்றபோது, இதில் லாபம் பார்க்கும் எண்ணமே இல்லை, ஊர் மக்களின் வசதியும் ஆரோக்கியமும்தான் எங்கள் லாபம் என்று சொன்னார். எரிவாயுவில் சம்பாதி, தண்ணீரில் சம்பாதிக்காதே. அந்த வித்தியாசம் தெரிந்தவர் என்பதற்காகவே அவரை வெறும் வியாபாரி என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

மூன்றாவது திட்டம் அவ்வளவு சுத்தமானதல்ல. 1875இல் வந்த குடிசைப்பகுதிச் சட்டத்தை வைத்து, ஊர் நடுவே நெரிசலான பகுதியை வாங்கி இடித்து, கார்ப்பரேஷன் தெரு என்று அகலமான கடைத்தெரு போட்டார்கள். மனைகளை விற்காமல் 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை முடிந்தால் கட்டடத்தோடு நகராட்சிக்குத் திரும்பும். நல்ல யோசனை. அந்தப் பகுதியின் இறப்பு விகிதம் 1873–75இல் ஆயிரத்துக்கு 53.2, 1879–81இல் 21.3 என்று ஒரு கணக்கைப் பெருமையாகச் சொல்வார்கள். எண்கள் சரிதான். ஆனால் அந்த 53.2இல் இருந்தவர்களும் இந்த 21.3இல் இருப்பவர்களும் ஒரே ஆட்களா? குடிசை இடிந்த பிறகு அவர்கள் பக்கத்து நெரிசல்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்காக நகராட்சி வீடு கட்டத் தொடங்கியது 1880களின் இறுதியில்தான். கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்த சென்னைவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் நடுவே, 1874இல், கம்பெனியிலிருந்து குடும்பத்தோடு பங்கை விற்றுவிட்டு வெளியே வந்தார். அவர் கைக்கு வந்தது சுமார் 1,20,000 பவுண்டு. வயது முப்பத்தெட்டு. தொழிலதிபரின் அரசியல் பாதையில் இந்த வரவுசெலவைத்தான் பலரும் கவனிக்காமல் போகிறார்கள். மேயர் பதவிக்குச் சம்பளம் இல்லை. எம்.பி.க்கும் இல்லை; பிரிட்டனில் எம்.பி. சம்பளம் வந்ததே 1911இல்தான். சொந்தக் காசில் லண்டனில் வீடு எடுத்துத் தங்கி, ஆண்டுக்கணக்கில் வருமானமின்றி அரசியல் செய்ய முடிந்தவனுக்கு மட்டும் திறந்த சபை அது. நிலம் இருந்தவனுக்குக் குத்தகை வந்துகொண்டிருக்கும். பட்டறை இருந்தவன் பட்டறையை விற்றாக வேண்டும். அல்லது பட்டறையையும் சபையையும் ஒன்றாக வைத்துக்கொண்டு பழியும் வாங்க வேண்டும். விற்றும் பழி முழுதாகப் போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க் காலத்தில் அவர் தம்பி ஆர்தர் தலைவராக இருந்த கைனாக் கம்பெனி அரசாங்கத்துக்கு வெடிமருந்து விற்றது. 1900 டிசம்பரில் லிபரல் எம்.பி. லாய்ட் ஜார்ஜ் சபையில் பிடித்துக்கொண்டார். பேரரசு விரிய விரிய சேம்பர்லின் குடும்பத்துக்கு காண்ட்ராக்ட் என்று ஒரு சிலேடை அப்போது உலவியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சுருங்குவது என்றும் பொருள்.

விற்ற ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு முறை நாடாளுமன்றத்துக்கு முயன்றார். 1874 பொதுத்தேர்தலில் ஷெஃபீல்டில் நின்று தோற்றார். எஃகுத் தொழில் ஊர், உழைப்பாளி வர்க்கம், கல்வி லீக் பெயரும் கூடவே. ஆனால் அங்கே அவருக்கு வார்டு கமிட்டி கிடையாது, காட்டுவதற்கு ஒரு தெருக்குழாய்கூடக் கிடையாது. மேயராகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு ஆண்டு கழித்து, பர்மிங்காம் எம்.பி. ஜார்ஜ் டிக்சன் மனைவியின் உடல்நலக் குறைவால் இடத்தை விட்டபோது, எதிர்த்து நிற்க ஆளே வரவில்லை. 1876 ஜூன் 27, போட்டியின்றித் தேர்வு. நாற்பது வயது நிறையப் பதினோரு நாள் பாக்கி. அதே மாதம் நண்பர் ஜெஸ்ஸி காலிங்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மூன்று ஆண்டு வேலையில் ஊருக்குப் பூங்கா, தளம்போட்ட தெரு, நீதிமன்றம், சந்தை, எரிவாயு, தண்ணீர், சீரமைப்பு எல்லாம் ஆயிற்று என்று சரக்குப் பட்டியல் போல அடுக்கியிருக்கிறார். கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவரின் தோரணை.

போன வேகத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதும் உண்டு. பிரதமர் டிஸ்ரேலி தவறிப்போனால் மட்டும் உண்மை பேசுகிறவர் என்று தேர்வான சமயத்தில் ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். உள்ளூர் மேடையில் கைத்தட்டு வாங்கும் பேச்சு லண்டன் பத்திரிகையில் வேறு மாதிரி தெரியும்.

காமன்ஸ் சபையில் புதியவர் பின்வரிசையில் காத்திருக்க வேண்டும். சேம்பர்லின் காத்திருக்கவில்லை, ஏனென்றால் தன் எந்திரத்தையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். 1877 மே மாதம் பர்மிங்காம் பிங்லி மண்டபத்தில் ஊர் ஊராக இருந்த லிபரல் சங்கங்களைச் சேர்த்து தேசிய லிபரல் கூட்டமைப்பைத் தொடங்கினார். கிளாட்ஸ்டனே வந்து பேசினார். வார்டு கமிட்டி முறை நாட்டளவில் விரிந்தது. 1880இல் லிபரல்கள் ஜெயித்தபோது, நான்கே ஆண்டு எம்.பி.யாக இருந்தவரை அமைச்சரவைக்கு வெளியே வைக்க கிளாட்ஸ்டனால் முடியவில்லை. வர்த்தகத் துறை கொடுத்தார்.

அந்தத் துறையில் அவருடைய நகராட்சி மூளை எங்கே உதவியது, எங்கே இடித்தது என்பதற்கு ஒரு சட்டம் போதும். 1882 மின்விளக்குச் சட்டம். மின்சாரம் அப்போதுதான் தெருவுக்கு வருகிறது. எரிவாயுக் கம்பெனிகளைப் பெரும் விலை கொடுத்து வாங்கிய அனுபவம் அவருக்கு மனதில் இருக்கிறது. அதனால், மின்சாரக் கம்பெனியை 21 ஆண்டு கழித்து உள்ளாட்சி கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார். ஊர்களின் கோணத்தில் முன்யோசனை. முதலீட்டாளர் கோணத்தில், வளர்த்து முடிக்கும்போது பறிபோகும் தொழில். பணம் போட ஆள் தயங்கினார்கள். 1888இல் 21ஐ 42 ஆக்க வேண்டியிருந்தது. எரிவாயு, முதிர்ந்த தொழில். வாங்கி நடத்தினால் லாபம். மின்சாரம், முளைவிடும் தொழில். அதே விதி இரண்டுக்கும் பொருந்தவில்லை.

இதைவிடப் பெரிய பொருத்தமின்மை அயர்லாந்தில் காத்திருந்தது. அயர்லாந்துக்காரர்கள் கேட்டது தனி நாடாளுமன்றம். சேம்பர்லின் 1885இல் கொடுக்க முன்வந்தது என்ன தெரியுமா? மாவட்ட வாரியங்கள், அவற்றுக்கு மேலே ஒரு மத்திய வாரியம், கல்வி, போக்குவரத்து போன்றவை அதன் பொறுப்பு. அதாவது, ஒரு பெரிய நகராட்சி. நல்ல நிர்வாகம் கிடைத்தால் கோபம் தணியும் என்பது அவர் நம்பிக்கை. பர்மிங்காமில் அப்படித்தான் நடந்தது. அமைச்சரவையே அதை ஏற்கவில்லை. ஐரிஷ் தலைவர் பார்னெலும் அதைத் தன்னாட்சிக்கு மாற்றாகக் கருதவில்லை. கேஸ் கம்பெனிப் பங்குதாரருக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தால் எழுந்து போய்விடுவார். சொந்தச் சபை கேட்பவருக்கு வாரியம் கொடுத்தால் எழுந்து போகமாட்டார். கிளாட்ஸ்டன் தன்னாட்சி மசோதா கொண்டுவந்தார். 1886 ஜூன் 8 அன்று 343க்கு 313 என்று அது தோற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் 93 பேர் லிபரல்கள், அவர்களில் சேம்பர்லின் முக்கியமானவர். லிபரல் கட்சி உடைந்தது. அவர் கட்டிய தேசியக் கூட்டமைப்பு கிளாட்ஸ்டனோடு போய்விட்டது. ஷ்னாட்ஹார்ஸ்டும் அங்கேயே நின்றார். பர்மிங்காம் மட்டும் சேம்பர்லினோடு நின்றது. 1903க்குப் பிறகு இறக்குமதி வரி விவகாரத்தில் அவர் பிறகு கைகோத்த கன்சர்வேட்டிவ் அணியையும் பிளந்து, 1906இல் அந்த அணி நாடெங்கும் மண்ணைக் கவ்வியபோதும், பர்மிங்காமின் ஏழு இடங்களும் அவர் அணிக்கே கிடைத்தன. முப்பது ஆண்டுக்கு முன் போட்ட குழாய்க்கு ஊர் கட்டிய வாடகை என்று நான் நினைப்பதுண்டு.

மகன்களைப் பற்றிச் சுருக்கமாக. மூத்தவர் ஆஸ்டினை அப்பா நேரே அரசியலுக்கு வளர்த்தார்; 1892இல் நேரடியாக எம்.பி. இளையவர் நெவில் தொழிலுக்கு. பஹாமாஸில் கற்றாழை நார்த் தோட்டம் போட்டு, ஆறு ஆண்டு வெயிலில் காய்ந்து, அப்பாவின் 50,000 பவுண்டு போனதுதான் மிச்சம். திரும்பி வந்து ஹாஸ்கின்ஸ் என்ற கம்பெனியில் கப்பல்களுக்கு உலோகப் படுக்கை செய்தார். 1911இல் கவுன்சிலர், 1915இல் லார்ட் மேயர், 1918இல் நாற்பத்தொன்பது வயதில் எம்.பி. அப்பாவின் அதே ஏணி, தாமதமாக. 1924இல் சுகாதார அமைச்சரானதும் கொண்டுவரப்போகும் 25 மசோதாக்களின் பட்டியலை அமைச்சரவையில் வைத்தார், 21 சட்டமாயின. நகராட்சிக் கமிட்டியில் ஊறியவர்தான் இப்படிப் பட்டியல் போடுவார். அந்தப் பழக்கம் ஹிட்லரிடம் எவ்வளவு உதவியது என்பது தெரிந்த கதை.

அப்பாவிடம் திரும்புவோம், நம்மவர்களைத் தொட்ட இடம் அங்கேதான். 1895 முதல் 1903 வரை அவர் காலனிகளுக்கான அமைச்சர். நன்றாகப் பராமரிக்காத பண்ணை என்று காலனிகளைச் சொன்னார். முதலீடு செய்தால் விளையும். இலங்கை அவர் அலுவலகத்தின் கீழ் வந்தது. அவர் காலத்துப் போயர் போரின் கைதிகள் தியத்தலாவைக்கும், திருச்சிக்கும், நீலகிரி வெலிங்டனுக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் நான் சொல்லவருவது தென்னாப்பிரிக்காவில் இருந்த நேட்டால் காலனியின் விவகாரம்.

1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து போன 'ட்ரூரோ' கப்பலோடு தொடங்கியது நேட்டாலுக்கான கூலிக் குடியேற்றம். 1890களில் அங்கே இந்தியர்கள் பல்லாயிரம். ஓட்டுரிமை இருந்தவர்களோ சுமார் 250 பேர், 9,000க்கும் மேற்பட்ட ஐரோப்பிய வாக்காளர்கள் நடுவே. அந்த 250ம் கூடாது என்று 1894இல் நேட்டால் ஒரு மசோதா கொண்டுவந்தது. காந்தி அங்கே தங்கிவிட்டதற்கே அதுதான் காரணம். மசோதா லண்டனுக்குப் போனபோது காலனி அமைச்சர் ரிப்பன் பிரபு. சென்னை மாநகராட்சிக் கட்டடத்தின் பெயரில் இருக்கும் அதே ரிப்பன். 1882இல் இந்திய உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தவர். ஒப்புதல் வருமுன் ஆட்சி மாறி, கோப்பு சேம்பர்லின் மேசைக்கு வந்தது. இனத்தின் பெயரைச் சொல்லித் தடுக்கும் சட்டத்தை ஏற்க முடியாது என்றார். நேட்டால் சொல்லை மாற்றியது: ஐரோப்பிய வழிவந்தவர் அல்லாதவர்களில், நாடாளுமன்ற வாக்குரிமை அடிப்படையில் அமைந்த தேர்தல் முறைச் சபைகள் இதுவரை இல்லாத நாடுகளின் பூர்வீகர்களுக்கு ஓட்டு இல்லை.

இந்தியர்கள் சேம்பர்லினுக்கே மனுப் போட்டார்கள். எங்கள் நாட்டிலும் தேர்தல் இருக்கிறது, எங்கள் நகராட்சிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறோம் என்று வாதாடினார்கள். அது பொய்யில்லை. சென்னையில் 1878 முதல் வரி செலுத்துவோர் கவுன்சிலர்களில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். வார்டு ஓட்டுதான் நாடாளுமன்றத்துக்கு முதல் படி என்பதற்கு அந்த மனுவைப் படித்தவரைவிடப் பெரிய சாட்சி பிரிட்டனில் இல்லை. 1896இல் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

1902 டிசம்பர் இறுதியில் சேம்பர்லின் நேட்டாலின் டர்பனுக்கு வந்தார். அவரைப் பார்க்கவென்றே இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த காந்தி, இந்தியக் குழுவோடு போய்ச் சந்தித்தார். சுயாட்சிக் காலனிகளின் விவகாரத்தில் பேரரசின் அரசுக்குப் பிடி அதிகமில்லை, அங்கிருக்கும் ஐரோப்பியர்களை நீங்கள்தான் சமாதானப்படுத்த வேண்டும் என்கிற மாதிரி பதில் வந்ததாகக் காந்தி பின்னாளில் எழுதினார். உள்ளூர் சபை உள்ளூர்க் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்ற அதே பர்மிங்காம் கொள்கை. நாடாளுமன்ற ஓட்டு போன பிறகும் நேட்டால் இந்தியர்களிடம் நகராட்சி ஓட்டு மிஞ்சியிருந்தது. 1924இல் வந்த நகராட்சிச் சட்டம் புதிதாக எந்த இந்தியரும் அந்தப் பட்டியலிலும் சேர முடியாமல் செய்தது.